ரூல்ஃப் தேர்ந்தெடுத்த கொக்கி

காலை காபி நேரம், மணி பத்து. அலுவலகத்தில் எல்லாரும் கோப்பையோடு நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்து, ஆளுக்கு ஒன்று எடுத்த பிறகு வழக்கம்போல் மூடப்பட்டுவிட்டது. அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது. யான்டினா. வேலை நேரத்தில் என்னை அழைக்கிறவள் இல்லை அவள்.

"ஹில்யே, உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன், காபி நேரம்."

"ரூல்ஃப் போயிட்டான். காலையில நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தான், அப்படியே சாஞ்சுட்டான். டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நீ வா. காபி போட்டு வைக்கறேன்."

ரூல்ஃப் என் அண்ணன், நான் அவன் தங்கை. யான்டினா அவன் மனைவி. அதற்கும் முன்னால் அவள் பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி. என் பென்சில்களை எடுத்துக்கொண்டு திருப்பித் தராதவள், பிறகு அண்ணனையும் அப்படியே எடுத்துக்கொண்டாள் என்று அவர்கள் திருமணத்தில் நான் பேசினேன். ஊர் சிரித்தது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் காபியும் கேக்குமாக நின்றுகொண்டு நீச்சல் கதைகளைச் சொன்னார்கள். அது நியாயம்தான். எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் ரூல்ஃப் ஆசிரியராக இருந்தான். க்ரோனிங்கன் மாகாணத்தின் இந்த மூலையில், நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் யாரைக் கேட்டாலும், முழுச் சட்டையும் காலணியுமாக அவன் முன்னால் தண்ணீரில் குதித்திருப்பார்கள். தண்ணீருக்கு அடியில் தொங்கும் பிளாஸ்டிக் திரையின் ஓட்டை வழியாக நுழைந்து வெளியே வந்திருப்பார்கள். அப்படி வந்தால்தான் முதல் சான்றிதழ். நீண்ட கழியோடு கரையில் அவன் கூடவே நடந்து வருவான். கழியைப் பிடித்தவர்கள் உண்டு. அதனால் அடிபட்டவர் யாருமில்லை.

எனக்கு அன்று சொல்லத் தோன்றியது வேறு கதை, ஒரு இழுவைக் கொக்கியைப் பற்றியது. வண்டிக்குப் பின்னால் மாட்டி, விடுமுறைக்குத் தங்கும் சக்கர வீடான கேரவனை இழுக்கிற சாதாரண இரும்புக் கொக்கிதான். தேவாலயத்தில் சொல்லக்கூடிய விஷயமா என்று அண்ணனின் மருமகன் சந்தேகப்பட்டான், நானும் விட்டுவிட்டேன். ஆனால் என் அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் எனக்கு அந்தக் குளிர்காலம்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரூல்ஃப் முடிவெடுக்கத் தெரியாதவன் இல்லை, அவசரமில்லாதவன். வீட்டுக்கு சோபா வாங்க வேண்டும் என்று பேச்சு தொடங்கியபோது பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். சோபா வந்தபோது அதில் உட்கார வீட்டில் பிள்ளைகள் இல்லை. ஒரு பொருள் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால், "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்பான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. யான்டினாவை முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்தபோதும் அம்மாவிடம் அதைத்தான் சொன்னான்.

யான்டினா நேர் எதிர். இடுப்பு எலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பிய வாரமே, பழைய நீள வண்டியில் தன்னால் குனிந்து ஏறி இறங்க முடியாது என்று கண்டுகொண்டாள். அடுத்த வாரம் ஒரு எஸ்யூவி வாசலில் நின்றது. உயரமான இருக்கை. சும்மா பக்கவாட்டில் சரிந்தாலே உள்ளே உட்கார்ந்துவிடலாம். பாதி மின்சாரம், பாதி பெட்ரோல். மழை மேகத்தின் நிறம். ரூல்ஃப் அதைச் சுற்றி வந்தான், கதவைத் திறந்து மூடினான், பின்னால் போய்க் குனிந்து பார்த்தான்.

"கொக்கி எங்க?"

"எந்தக் கொக்கி?"

"கேரவன் மாட்டற கொக்கி."

வண்டி விற்றவரிடம் யான்டினா இருக்கையின் உயரம், நிறம், உள்ளே நாய் முடி ஒட்டுமா என்று எல்லாம் கேட்டிருந்தாள். நாய் அவர்களிடம் இல்லை. கொக்கியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. தற்செயலாக மறந்ததாக நான் அப்போது நினைத்தேன்.

அன்று மாலை நான் அங்கேதான் இருந்தேன். கடுகு சூப் வைத்திருந்தாள். பரிமாறிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரூல்ஃப், நேராவே சொல்லிடறேன். இந்த வண்டி அந்தக் கேரவனை இழுக்கும்னா, கோடைக்கு நான் வரேன். இழுக்காதுன்னா கேரவனை வித்துடணும். நான் ஓட்டல்ல ரூம் போடப்போறேன். குளியலறை உள்ளேயே இருக்கற ரூம்."

"எப்பக்குள்ள?"

"கோடைக்கு முன்னாடி வர்ற பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள்ள. சோபா கதை ஆக்கிடாத."

ரூல்ஃப் சூப்பைக் குடித்து முடித்தான். பிறகு, சரி என்றான்.

விஷயம் அவ்வளவுதான், ஆனால் அவனுக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். பிரான்ஸில் தோர்தோன் ஆற்றங்கரையில், கூடாரமும் கேரவனும் போட்டுத் தங்கும் ஒரு முகாம். இரண்டாவது பிள்ளை பிறந்த வருடத்திலிருந்து அதே முகாம், அதே இடம், வரிசையின் கடைசியில் பாப்லார் மரத்தடி. வருடம் முழுக்க குளோரின் வாசனையில் நின்று, எதிரொலிக்கும் கூரைக்கடியில் கத்திக்கொண்டே இருக்கிற மனிதன் கோடை விடுமுறையின் நான்கு வாரங்கள் கத்துவதில்லை. ஆற்றில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பான். அங்கே மட்டும்தான் தன்னை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை என்பான். அதுவும் முழு உண்மை இல்லை. அந்த முகாமில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். ஒரு வருடம் பக்கத்துக் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்த தாடிக்காரர் ஒருவர், "மாஸ்டர், நான் இன்னும் தவளை நீச்சல்ல காலைத் தப்பாத்தான் அடிக்கறேன்" என்று ஒப்புக்கொண்டார்.

கேரவன் போய்விட்டால் அந்தக் கல்லும் போய்விடும். ஓட்டல் அறையில் ரூல்ஃப் என்ன செய்வான் என்று என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் கொக்கி பார்த்தான்.

கொக்கிகள் மூன்று விதம். ஒன்று, நிரந்தரமாக நீட்டிக்கொண்டு நிற்பது. மலிவு, உறுதி, ஆனால் போகிற வருகிறவர் முழங்காலையெல்லாம் பதம் பார்க்கும். அதனால்தான் ஊரில் பாதி வண்டிகளின் பின்னால், கொக்கியின் உருண்டை முனை மேல் பழைய டென்னிஸ் பந்து ஒன்று குல்லாய்போல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது, வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றி வைப்பது. கழற்றியது எப்போதும் கிரீஸும் சேறுமாக இருக்கும், தேவைப்படும் நாளில் எங்கே வைத்தோம் என்று மட்டும் தெரியாது. மூன்றாவது, வண்டிக்கு அடியிலேயே மடிந்து ஒளிந்துகொள்வது, ஒரு கைப்பிடியை இழுத்தால் வெளியே வருவது. அது பணக்காரச் சாமான் என்று எங்கள் ஊரில் எண்ணம்.

ரூல்ஃப் விளம்பரத் தாள்களை நம்புகிறவன் இல்லை. நேரில் பார்க்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டின் வண்டி நிறுத்தத்தில், அவன் எஸ்யூவியைப்போலவே இன்னொன்று நின்றால், அட்டை ஒன்றைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து அடியில் நுழைந்துவிடுவான். ஒரு சனிக்கிழமை, அந்த வண்டியின் சொந்தக்காரி காய்கறிப் பையோடு திரும்பி வந்தாள். தன் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். காலணியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாளாம்.

"மாஸ்டர், நீங்களா? அங்க என்ன பண்றீங்க?"

அடியிலிருந்து பதில் வந்தது: "மூச்சைப் பிடிச்சுப் பழகறேன்."

அந்த வார இறுதிக்குள் ஊர் முழுக்க இது தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் அவனைப் பார்த்து மூச்சைப் பிடித்துக் காட்டினார்கள்.

நவம்பரில் அவன் பிறந்தநாள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லார் கையையும் குலுக்கி, எங்கள் வழக்கப்படி என்னிடம் அண்ணனுக்கு வாழ்த்து, யான்டினாவிடம் கணவனுக்கு வாழ்த்து என்று ஒரு சுற்று முடிந்து உட்கார்ந்தோம். கேக் வந்தது. யாரோ, வண்டி நல்லாயிருக்கே, கொக்கி போட்டாச்சா என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். நீட்டிக்கொண்டு நிற்பதே ஆண்மை என்று ஒரு கட்சி. கழற்றி வைப்பதே நாகரிகம் என்று ஒரு கட்சி. நிரந்தரக் கொக்கி இருந்தால் பின்னால் வருகிறவன் மோதும்போது அவன் வண்டிக்குத்தான் சேதம் என்று சித்தப்பா மகன் கணக்குப் போட்டான். கழற்றும் கொக்கியைக் கழற்றாமலே ஏழு வருடம் வைத்திருந்து, துருப்பிடித்து அதுவே நிரந்தரமாகிவிட்டது என்று இன்னொருவன் சோகமாகச் சொன்னான். மாலை முழுக்க இதுதான். யான்டினா காபிக் குடுவையோடு வட்டத்தைச் சுற்றி வந்தவள் நடுவில் நின்றாள்.

"என் இடுப்பு ஆபரேஷனுக்குக்கூட இத்தனை பேர் யோசனை சொல்லல. ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவு கவலை."

"இடுப்பை டாக்டர் பாத்துக்கிட்டாரு," என்றான் ரூல்ஃப். "இது நாம பாக்க வேண்டியது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் குடுவையைச் சமையலறையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

புத்தாண்டுக்குப் பிறகுதான் அவன் ஹார்மின் பட்டறைக்குப் போனான். ஹார்ம் கால்வாய் ஓரத்தில் கொக்கி மாட்டுகிற பட்டறை வைத்திருப்பவன். சான்றிதழ் நீச்சலில் இரண்டு முறை தேறாமல் மூன்றாவது முறை கரையேறியவன். ஆகவே ரூல்ஃபுக்கு முதல் கோப்பை காபி இலவசம். நானும் கூடப் போயிருந்தேன், என் சைக்கிளைத் தாங்கும் சட்டம் ஒன்று வளைந்திருந்தது.

ஹார்ம் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கொக்கி வேண்டும் என்பதல்ல. வண்டியின் பதிவு அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தான்.

"மாஸ்டர், உங்க பழைய வண்டி எருது. இது அப்படி இல்ல. ஆயிரத்து இருநூறு கிலோ இழுக்கும். அதுக்கு மேல ஒரு கிலோகூட இழுக்கச் சட்டம் விடாது. கொக்கி மேல அழுத்தம் எழுபத்தஞ்சு கிலோ வரைக்கும்தான். கேரவன் காலியா எவ்வளவு?"

"ஆயிரத்து ஐம்பது."

"அப்ப நூத்தைம்பது கிலோக்குள்ள உங்க குடும்பச் சாமான், கோடைக்காலம் எல்லாம் அடங்கணும்."

ரூல்ஃப் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான், சர்க்கரையே போடாத காபியை. திரும்பும் வழியில் என்னிடம், அடங்கும், அடங்க வேண்டும் என்றான். கிளம்பும் முன்பே கொக்கிக்குச் சொல்லியிருந்தான். மடிந்து ஒளிந்துகொள்கிற மூன்றாவது விதம். எனக்கு ஆச்சரியம். அவன் நிரந்தரக் கொக்கிக் கட்சி என்றுதான் ஊரே நினைத்திருந்தது. யான்டினாவும் கேட்டாள்: பணக்காரச் சாமான் உனக்கு எதுக்கு, குனிஞ்சு மாட்டறவன் நீதானே?

"ஒரு கையால இழுத்தா வெளிய வருது. யாரும் குனிய வேண்டாம்," என்றான். "என் முழங்காலும் உன் இடுப்புக்குப் பின்னாலதான் வந்துக்கிட்டிருக்கு."

கேரவன் குளிர்காலம் முழுக்க ஃப்ரேர்க் என்பவரின் களஞ்சியத்தில், வேறு இருபது கேரவன்களோடு தூங்கும். ஃப்ரேர்க் விவசாயி. சர்க்கரைக் கிழங்கும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். வாசல் முற்றத்தில் டிராக்டரோடு ஏறி எடை பார்க்கிற மேடை ஒன்று அவரிடம் உண்டு. ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வறண்ட சனிக்கிழமை, புதுக் கொக்கி மாட்டிய எஸ்யூவியோடு ரூல்ஃப் அங்கே போனான். நானும் போனேன். அவனுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டாலும், வேடிக்கை பார்க்கத்தான்.

கேரவனை எப்போதும் பிரான்ஸுக்குப் போகும்போது ஏற்றுவதுபோலவே ஏற்றினான். அரைகுறையாக எடை பார்த்து என்ன பயன் என்றான். முன்பந்தல் துணியும் கம்பிகளும், நாற்காலிகள், மேஜை, கேஸ் உருளை, நிலக்கடலை வெண்ணெய், சாக்லேட் தூள், காபி, ரஸ்க், வடிகட்டியும் பானைகளும். கடைசியாக ஃப்ரேர்க்கின் உருளைக்கிழங்கு, முதுகில் தூக்கிய இரண்டு மூட்டைகள். களிமண்ணில் விளைந்தவை, வேகவைத்தால் மாவாக உதிர்பவை. பிரெஞ்சு உருளைக்கிழங்கு சோப்புக் கட்டிபோல் இருக்கும் என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறவரை நான் சந்தித்ததில்லை. ஏனென்றால் எல்லாரும் மூட்டையோடுதான் போகிறார்கள்.

முதலில் கொக்கி மேல் விழும் அழுத்தம். அதற்கு எங்கள் ஊர் வழி: குளியலறையிலிருந்து உடல் எடை பார்க்கும் கருவி, அதன் மேல் நிமிர்த்தி வைத்த துடைப்பக் கட்டை, கட்டையின் மேல் கேரவனின் மூக்கு. ரூல்ஃப் மூட்டைகளை முன்பெட்டியில் வைத்திருந்தான். மூக்கை இறக்கியதும் முள் நூற்றைத் தாண்டிப் போனது.

"யான்டினா ஏறி நிக்கறப்பகூட இவ்வளவு காட்டாது," என்றார் ஃப்ரேர்க், மரக்காலணியில் நின்று காபி குடித்தபடி.

"அவகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வாழணும்."

மூட்டைகளைப் பின்பக்கம் கொண்டுபோனான். மூக்கு இலேசாகி ஆடத் தொடங்கிவிட்டது. அப்படிப் போனால் நெடுஞ்சாலையில் கேரவன் மீன் வால்போல் அடிக்கும். கடைசியில் சக்கரங்களுக்கு நேர் மேலே, மேஜைக்கு அடியில் வைத்தான். முள் எழுபதில் நின்றது. ரூல்ஃபின் முகம் மலர்ந்தது. கேரவனை மேடைமேல் ஏற்றினோம். ஃப்ரேர்க் உள்ளே போய் எண்ணைப் பார்த்துவிட்டு, சன்னலைத் திறந்து சொன்னார்:

"ஆயிரத்து இருநூத்து அறுபது."

அறுபது கிலோ அதிகம். ரூல்ஃப் இறக்க ஆரம்பித்தான். முதலில் தன் துணிப் பெட்டி. பிறகு சிறிய டிவி. பிறகு தன் மீன்பிடிச் சாமான்கள், மழைக்கோட்டு, படிக்கக் கட்டி வைத்திருந்த புத்தகங்கள். ஒவ்வொரு முறையும் ஃப்ரேர்க் சன்னலிலிருந்து எண்ணைச் சொல்வார், ஒவ்வொரு முறையும் அது போதாது. கோடைக்காலத்தில் ரூல்ஃபுக்கு உடுக்கவும் படிக்கவும் பிடிக்கவும் எதுவும் மிச்சமில்லை. இன்னும் முப்பத்தைந்து கிலோ அதிகம். அவன் கேரவனுக்குள் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னவெல்லாம் இல்லாமல் வாழ முடியும் என்று யோசிக்கிறவன்போல. மேஜைக்கு அடியில் மட்டும் அவன் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் யான்டினா சைக்கிளில் வந்தாள். மதியத்துக்கு ரொட்டியும் சீஸும் மோரும் கொண்டு வந்திருந்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முற்றத்தில் பரப்பிக் கிடந்த அவன் உடைமைகளைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அந்த மூட்டையை இறக்கு, ரூல்ஃப்."

"அதை இறக்கிட்டு நாலு வாரம் என்ன சாப்பிடறது?"

"பிரான்ஸ்ல மனுஷங்க இருக்காங்க. அவங்களும் ஏதோ சாப்பிடத்தான் செய்யறாங்க."

"ஃப்ரேர்க் குடுத்தது. வருத்தப்படுவாரு."

சன்னலிலிருந்து ஃப்ரேர்க், தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இருபது கேரவனுக்கு இரண்டிரண்டு மூட்டை என்று கொடுத்துக் கை வலிக்கிறது என்றார். யாரும் சிரிக்கவில்லை. யான்டினா படியிலேயே உட்கார்ந்தாள். அவள் பேசிய குரல் கோபமாக இல்லை. அதுதான் ரூல்ஃபைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"ஒவ்வொரு சாயந்தரமும் நீ ஆத்துல உக்காந்திருப்ப. பிள்ளைங்க தண்ணியில இருப்பாங்க. நான் இந்த மேஜையில உக்காந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவேன். சன்னல் வழியா உன் முதுகு தெரியும். எத்தனை கோடை? நான் அந்த ஆத்துல சாயந்தரம் இறங்கினதே இல்ல ரூல்ஃப். எனக்குக் கேரவன் மேல கோபமில்ல. இந்த மேஜை மேலதான்."

"நீ ஒரு தடவைகூடச் சொல்லலயே."

"ஓட்டல்னு சொன்னேனே."

ரூல்ஃப் இப்போது மேஜைக்கு அடியில் பார்த்தான். அவன் யோசிக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும், அவன் யோசித்தால் பெந்தெகொஸ்தே வந்துவிடும் என்றும் தெரியும். ஆனால் அன்று அவன் குனிந்து ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றி, படியில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டி, முற்றத்தில் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து இரண்டாவதையும் எடுத்தான். மூன்றாவது முறை போனபோது பெரிய பானை, வடிகட்டி, தோல் சீவும் கத்தி. கத்திக்கு எடையே இல்லை. அதையும் கொண்டுபோய் மூட்டையின் மேல் வைத்தான்.

ஃப்ரேர்க் எண்ணைச் சொன்னார். வரம்புக்குக் கீழே, கொஞ்சம் இடம் மிச்சமும் இருந்தது. ரூல்ஃப் தன் மீன்பிடிச் சாமான்களை நோக்கிக் கை நீட்டினான்.

"அது வேண்டாம்," என்றாள் யான்டினா. "அந்த இடத்துல என் நீச்சல் உடை, பெரிய துண்டு, அந்தச் சாய்வு நாற்காலி."

"சாய்வு நாற்காலி எட்டு கிலோ."

"ரூல்ஃப்."

சாய்வு நாற்காலி ஏறியது. அங்கேயே, களஞ்சிய வாசலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். யான்டினா ஒரு முறை போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். கொக்கி இலேசாகச் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. திரும்பத் தள்ளினாள், உள்ளே போய்விட்டது. எப்படியிருக்கு என்று ரூல்ஃப் கேட்டான். இதைவிட மோசமா இருந்திருக்கலாம் என்றாள் அவள். அப்படியாகக் கேரவன் விற்பனைக்குப் போகவில்லை.

அந்தக் கோடையில் எனக்கு வந்த அஞ்சலட்டைகள் எல்லாம் சாப்பாட்டைப் பற்றியவை. முகாமுக்கு வெளியே, பாலத்தடியில் ஒரு சிறிய உணவகம். வாத்து, பூண்டு, கூடவே வாத்துக் கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கு. சோப்பு மாதிரி இல்லை என்று ரூல்ஃப் எழுதியிருந்தான், அதற்குக் கீழே யான்டினா இரண்டு கோடு போட்டிருந்தாள். ஒரு படத்தில் ஆற்றின் நடுவே கல்லின் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ரூல்ஃப் படத்தில் இல்லை. அவன் கரையில் நின்று படம் எடுத்திருக்கிறான். தண்ணீரில் கால் எட்டுகிறதா என்று கத்தினானாம். பழக்கம்.

திரும்பி வரும் வழியில், லக்ஸம்பர்க்கைத் தாண்டி ஒரு ஓய்விடத்தில், அவனுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது. மாலை வரை நிறுத்திப் படுத்திருந்தான். பிறகு சரியாகிவிட்டது, பூண்டு என்று முடிவு செய்தார்கள். யான்டினா மட்டும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அத்தனை நேரம் லாரிகளுக்கு நடுவே நின்றபோது, கேரவன் மாட்டிய அந்த வண்டியைத் தன்னால் அங்கிருந்து ஒரு அடிகூட நகர்த்த முடியாது என்பதுதான் அவளை உறுத்தியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள், எனக்கு இதை ஓட்டக் கற்றுக்கொடு.

எல்லாரையும்போல அவனும், முன்னால் ஓட்டுவது சுலபம், பின்னால் வருவதுதான் கஷ்டம் என்றான். பெந்தெகொஸ்தே நிபந்தனை போட்டவளிடம் அது எடுபடவில்லை. இந்த வருடம் மார்ச் மாதம், தரை காய்ந்ததும், சனிக்கிழமைகளில் ஃப்ரேர்க்கின் முற்றத்தில் பாடம் தொடங்கியது. நான் போய்ப் பார்த்தேன். நீச்சல் குளத்தில் நடப்பதுபோலவே அவன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தான், கழி மட்டும்தான் இல்லை.

"கையை ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்துல வை. கேரவன் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகத்து. கொஞ்சமா. ரொம்பக் கொஞ்சமா."

"கத்தாத. நான் தண்ணியில இல்ல."

"நான் கத்தலயே."

"உனக்குத் தெரியாது. நீ கத்தற."

முதல் வாரம் கேரவன் மடங்கி எஸ்யூவியை முத்தமிடப் போனது. இரண்டாவது வாரம் ஃப்ரேர்க்கின் தண்ணீர்த் தொட்டி நகர்ந்து உட்கார்ந்தது. ஃப்ரேர்க் தொட்டிக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்தார். ஏப்ரல் தொடக்கத்தில், இரண்டு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே, ஒரே மூச்சில், எதிலும் படாமல், இடது பக்கம் வளைத்துக் கேரவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். சன்னலை இறக்கி அவனைப் பார்த்தாள். அவன் கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, களஞ்சியத்தைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றான். அவன் சந்தோஷப்படும்போது அப்படித்தான் நிற்பான்.

அதற்கடுத்த வியாழக்கிழமைதான் காபி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

அடக்கம் முடிந்த வாரம், மருமகன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான், கேரவனை விற்க விளம்பரம் கொடுக்கட்டுமா என்று. யான்டினா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜூலைக்கு இடம் பதிவு செய்தாகிவிட்டது, பாப்லார் மரத்தடி, முன்பணமும் கட்டியாகிவிட்டது என்றாள். யார் ஓட்டுவார்கள் என்று கேட்டான். நான்தான் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, நீயும் வர்ற, உனக்கு எவ்வளவு எடை என்று கேட்டாள்.

அந்தப் பாப்லார் மரத்தடி இடத்துக்குள் நுழைய, மரங்களுக்கு நடுவே வலது பக்கம் வளைந்து பின்னால் வர வேண்டும். எங்கள் நாட்டு வண்டிகளில் ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருவதால், வலப்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் இடப்பக்கம் பழகட்டும், வலப்பக்கம் அதற்குப் பிறகு என்று ரூல்ஃப் வைத்திருந்தான். அந்தப் பாடம் இன்னும் நடக்கவில்லை.